டம்ளர் தண்ணீரில் மிதந்த சொட்டு

எனக்குச் சும்மா இருக்க வராது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதையாவது இடம் மாற்றத் தோன்றும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் அம்மா சொல்லுவாள். நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. என் கணவர் ஷிப்டுக்குப் போனபின் வீட்டில் நான் ஒருத்திதான். பத்து மணிக்குள் வேலை முடிந்துவிடும். பிறகு என்ன செய்ய? துவைத்த துணியையே திரும்பத் துவைக்க முடியுமா?

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் காரின் பானெட்டைத் தூக்கினேன்.

எங்கள் வரிசையில் கார் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். மற்ற வீடுகளில் சைக்கிள், இரண்டு மூன்று வீட்டில் ஸ்கூட்டர். எங்கள் கார் பச்சை நிறம், மூன்று கை மாறி வந்தது, கதவை இரண்டு தரம் அறைந்தால்தான் மூடும். என் கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் போர்மேன். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்தார் என்றால் பாதி நேரம் பிரசங்கம். உலகத்தில் எதை விளக்க வேண்டுமென்றாலும் அவருக்குச் சுரங்கத்து மெஷின்தான் உதாரணம். "நெலத்தச் சொரண்டுத மெஷினோட கை ஏறி எறங்குதே, அது எண்ணெயோட அமுக்கத்துல. நீ பிரேக்க மிதிச்சா கார் நிக்குதே, அதுவும் எண்ணெயோட அமுக்கத்துல. ரெண்டும் ஒரே சங்கதிதான், பாத்துக்கோ." இதைக் குறைந்தது பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

அந்த மெஷின் எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாளில் எங்கள் பிளாக்கில் எந்த வீட்டு ஸ்டோர் ரூமைத் திறந்தாலும் மூலையில் ஒரு சின்ன டப்பாவில் அது இருக்கும். கீச்சிடும் கதவுக்கு அது, தையல் மெஷினுக்கு அது, சைக்கிள் செயினுக்கும் அதுதான். மலை போன்ற இரும்பைத் தூக்குகிற எண்ணெய் என்று அதன்மேல் எல்லோருக்கும் ஒரு பக்தி. பின் வரிசையில் ஒருவர் முட்டி வலிக்கே தடவிக்கொண்டார். வலி போயே போச்சு என்று சாதித்தார்.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பிரேக் எண்ணெய் நிற்கும் டப்பியில் அளவு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அவ்வளவு இறங்கினால் ஒன்றும் குடி முழுகிப்போகாது என்று எனக்குத் தெரியாது. ஸ்டோர் ரூமுக்குப் போனேன், மெஷின் எண்ணெயை எடுத்துவந்தேன், குழிக்கரண்டியால் நாலு கரண்டி ஊற்றி, துடைத்து, மூடியைத் திருகினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. அவர் வந்ததும் சொல்லி நல்ல பேர் வாங்கலாம் என்றிருந்தேன். அவரோ வரும்போதே எரிச்சலோடு வந்தார். குழம்பில் உப்பு அதிகம் என்றார், நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். எண்ணெய் விஷயம் அப்படியே நின்றுபோயிற்று.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்த பிரேக்குக்கெல்லாம் புது ரப்பர் மாற்றியிருந்தது. மாற்றிக்கொடுத்தவர் என் கணவருக்குக் கீழே வேலை பார்த்த கான்ட்ராக்ட் தொழிலாளி. சுரங்கத்தின் ஓரமாக இருந்த ஊர்க்காரர். லீவு நாளில் வண்டி ரிப்பேர் பார்ப்பார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்தான், ஆனாலும் போர்மேன் வீட்டம்மாள் என்பதால் என்னை அக்கா என்பார். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் துணியில் வரிசையாக அடுக்கி வைத்து வேலை செய்கிற ஆள். எட்டு வருஷமாகக் கான்ட்ராக்டிலேயே இருந்தார். அந்த மாதம்தான் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை டிரேட் டெஸ்ட் என்கிற வேலைத்திறன் சோதனைக்கு அழைத்து பெர்மனென்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு. ஒவ்வொரு போர்மேனும் ஒரே ஒரு பேர் எழுதிக் கொடுக்கலாம். என் கணவர் இவர் பேரைத்தான் எழுதுவதாக இருந்தார், அவரிடம் சொல்லியும் விட்டார். சனிக்கிழமை கொடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கார் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல ஓடியது. புதன்கிழமை சாயங்காலம் நானும் என் கணவரும் மெயின் பஜாரில் காய் வாங்கிவிட்டுத் திரும்பினோம். ரவுண்டானாவில் திரும்பும்போது, பிரேக்கில் கால் வைக்காமலே, கார் தானாக நின்றது. சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம். ஜெனரல் ஷிப்ட் முடிகிற நேரம், பின்னால் நாலைந்து பஸ் வரிசையாக ஹாரன் அடிக்கிறது. சைக்கிளில் போனவர்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள், நாலு சக்கரமும் இறுகிப்போய் அசைய மறுத்தன. கடைசியில் அவர் கீழே புகுந்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளைத் தளர்த்தினார். காற்றை வெளியேற்றுவதற்கென்று இருக்கும் சின்னத் திருகு அது. எண்ணெய் பீய்ச்சி அடித்தது, சக்கரங்கள் விட்டன. வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தோம். வரிசை மொத்தமும் கேட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் முருங்கைக்காய் பையை அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வந்த வேகத்தில் அவர் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தார். மிதியை அமுக்கினால் எண்ணெயைத் தள்ளிவிடுகிற உறுப்பு அதுதான். உள்ளே இருந்து ஒரு ரப்பரை நெம்பி எடுத்துக் காட்டினார். தண்ணீரில் போட்ட கொண்டைக்கடலை மாதிரி ஊதிப்போயிருந்தது.

"மட்ட ரப்பர். ரெண்டே வாரத்துல ஊதிப்போச்சு பாத்தியா? கண்ட கண்ட கடையில வாங்கிப் போட்டிருக்கான்."

ரப்பரை வாங்கி முகர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் ரூம், நாலு கரண்டி. அந்த எண்ணெயின் வாசனை அந்த ரப்பரிலேயே அடித்தது. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் சட்டையிலும் தலைமுடியிலும் எப்போதும் அந்த வாசனைதானே. அதோடு, தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் சாட்சியைக் கூப்பிடுகிற மனுஷர் அவர்.

"ஒரு காருக்கு ரப்பர் பாத்து வாங்கத் துப்பில்லாதவன், நாளைக்கு கன்வேயர்ல ஆளுக உசிரோட வெளையாடுவான். இவன் பேரையா நான் எழுதப் போனேன்? வேற ஆளப் பாக்கணும்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஏன் என்று இத்தனை வருஷம் கழித்து மழுப்பாமல் சொல்கிறேன்: எனக்கு லைசென்ஸ் வேண்டும். எங்கள் வரிசையில் கார் ஓட்டும் முதல் பெண்ணாக வேண்டும். இதைச் சொன்னால் அவர் சாவியை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிடுவார், அடுத்த வீடுகளில் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிப்பார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை என் வீட்டு வாசலிலேயே நடக்கவிட்டு நின்றேன். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

வியாழக்கிழமை என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அரிசியில் கல் பொறுக்கினேன். பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்கினேன். பக்கத்து வீட்டுக்குப் போய் என்ன கேட்க வந்தேன் என்று மறந்து திரும்பினேன். கடைசியில் டவுன்ஷிப் பஸ்ஸில் ஏறி ஒரு சுற்று முழுக்கப் போய், ஏறின இடத்திலேயே இறங்கினேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மத்தியானம் என் கணவர் வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, அந்த ஆளை எல்லோர் முன்னிலையிலும் நாலு வாங்கு வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

"அவன் ஒண்ணும் பேசல. தப்பு இருந்தா எப்படிப் பேசுவான்? நாளைக்கு ரெண்டாவது ஷிப்டு அவனுக்கு. காலையில வந்து செஞ்சுட்டுப் போறேன்னு மட்டும் சொன்னான்."

அப்போதும் நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. என் கணவர் ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விட்டார். எட்டரைக்கு அந்த மனுஷர் சைக்கிளில் வந்தார். வழக்கமாக "அக்கா, ஒரு வாய் தண்ணி" என்று கேட்டுக்கொண்டே வருபவர், அன்று தலையை மட்டும் ஆட்டினார். பையில் புது ரப்பர் செட், ஸ்பிரிட், பிரேக் எண்ணெய் டின்கள். துணியை விரித்து ஸ்பேனர்களை அடுக்கிவிட்டு, பின்பக்கச் சக்கரத்தின் நிப்பிளைத் திறந்து கொஞ்சம் எண்ணெயைக் கையில் வாங்கினார். இரண்டு விரலால் தேய்த்தார். முகர்ந்தார்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தேன். அவர் புது டின்னிலிருந்து ஒரு சொட்டு அதில் விட்டார். தண்ணீரோடு கலந்து காணாமல் போயிற்று. பிறகு எங்கள் காரிலிருந்து எடுத்ததில் ஒரு சொட்டு விட்டார். அது கண்ணாடிப் பொட்டு மாதிரி மேலேயே மிதந்தது. விரலால் கலக்கினார், உடைந்து மறுபடி சேர்ந்து மிதந்தது.

"பிரேக் எண்ணெயின்னா தண்ணில கலந்துடும். இது மைன்ஸ் எண்ணெ. எட்டு வருசமா இதுலதான் குளிச்சிகினு கெடக்கறேன், எனக்குத் தெரியாதா? இது பட்டா இந்த ரப்பர் ஊதத்தான் செய்யும், எந்தக் கடையில வாங்கினா என்னா?" டம்ளரைக் கீழே வைத்தார். "சாரே ஊத்திப்புட்டு, சாரே என் பேர்ல போட்டுட்டாருங்க. அதுவும் அத்தினி பேருக்கு முன்னால. இருக்கட்டும்."

நான் இதை நினைத்தே பார்க்கவில்லை. என் கணவர் கண்ணில் இவர் வேலை தெரியாதவர் ஆனார் என்பதுதான் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. இவர் கண்ணில் என் கணவர் திருடனைவிடக் கேடானவராக ஆகியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோபக்காரர், பிடிவாதக்காரர், எல்லாம் சரி. ஆனால் தன் தப்பை ஏழையின் தலையில் கட்டுகிறவர் இல்லை அவர். நாலு கரண்டி எண்ணெயில் இரண்டு பேர் முகத்திலும் கரி பூசியிருந்தேன்.

உள்ளே போனேன். வெளியே வந்தேன். அந்த மனுஷர் நாலு சக்கரத்தையும் கழற்றி, சிலிண்டர்களைப் பிரித்து, ஊதின ரப்பர்களைக் காகிதத்தில் போட்டு, எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் கழுவினார். குழாய்களுக்குள் ஸ்பிரிட்டை விட்டு ஊதி எடுத்தார். நான் அதற்குள் மூன்று தரம் காபி போட்டேன். ஒன்றையும் அவர் தொடவில்லை. மணி பதினொன்றைத் தாண்டியது. வெயில் காரின் கூரையில் காய்ந்தது.

"ஏர் எடுக்கணும். பெடல் அமுக்க ஒரு ஆள் வேணும்" என்றார், என்னைப் பார்க்காமலே.

அந்த வேலை எனக்குப் பழக்கம்தான். போன தடவை ரப்பர் மாற்றியபோதும் நான்தான் அமுக்கினேன். ஒருவர் சீட்டில், ஒருவர் காருக்குக் கீழே. மூன்று தரம் மிதித்து நாலாவதில் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைத் திறப்பார், அதில் மாட்டிய குழாய் வழியாகக் காற்றுக் குமிழோடு எண்ணெய் பாட்டிலில் இறங்கும், பெடல் காலோடு தரைக்குப் போகும். அவர் நிப்பிளை மூடி "விடுங்க" என்று சொல்லும்வரை காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், அத்தனை வேலையும் வீண்.

தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்தோம். அமுக்குங்க. அமுக்குங்க. அமுக்குங்க. புடிச்சிக்கோங்க. விடுங்க. இதைத் தவிர வேறு பேச்சில்லை. என்னால் ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் இருக்க முடியாது, அன்று ஒன்றரை மணி நேரம் அந்த சீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். முதல் சக்கரம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. கால் பெடலில் மாட்டியிருந்தது. மூன்றாவதில், "புடிச்சிக்கோங்க" என்றார் கீழிருந்து. பெடல் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னேன்.

"அவரு ஊத்தல. அவருக்குத் தெரியவே தெரியாது. நான்தான் ஊத்தினேன்."

கீழே ஸ்பேனர் சத்தம் நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. பெடலை அமுக்கியிருந்த என் தொடை கடுக்க ஆரம்பித்தது. விடுங்க என்று அவர் சொல்லவில்லை. நான் விடவில்லை. அழுகையும் வந்தது, கையை எடுத்துத் துடைக்கவும் பயமாக இருந்தது.

"விடுங்க" என்றார் ஒருவழியாக. அப்புறம், "அமுக்குங்க."

நாலாவது சக்கரமும் முடிந்து, சக்கரங்களை மாட்டி, பெடல் கல்லு மாதிரி நிற்கிறதா என்று அவரே மிதித்துப் பார்த்தார். வெளிக்குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். பிறகுதான் என்னை நேராகப் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லி என்னாக்கா ஆவப்போவுது? லிஸ்ட்டு எங்கிட்டயா இருக்குது?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டாவது ஷிப்டுக்குப் போய்விட்டார்.

என் கணவர் இரண்டே முக்காலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குழிக்கரண்டி, டம்ளர், லைசென்ஸ் ஆசை வரை. அவர் கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. டம்ளரைக் கையில் எடுத்து அதில் மிதந்ததைப் பார்த்தார்.

"ஏட்டி, இத நேத்து சொல்லக் கூடாதா? சனிக்கெழம வரைக்கும் வேண்டாம், இன்னைக்கே குடுன்னு காலையில ஆள் அனுப்பிட்டாங்க. வேற ஒருத்தன் பேர எழுதிக் குடுத்துட்டேனே."

சாப்பிடவில்லை. அதே அழுக்குச் சட்டையோடு, அந்த வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நான் கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "லிஸ்ட்டு மேலாபீசுக்குப் போயிட்டாம். இனி மாத்த முடியாதாம்" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரிலேயே, பிரேக் பார்த்த அந்த மனுஷரின் ஊருக்குப் போனோம். பிரேக் தொட்டால் நின்றது. வீட்டு வாசலில் அவரும் அவர் மனைவியும் நின்றார்கள், அக்கம்பக்கத்து ஆட்களும் கூடிவிட்டார்கள். என் கணவர் எல்லோர் காதிலும் விழும்படி, "தப்பு எங்க வீட்டுலதான். உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. அன்னைக்குப் பேசினதுக்கு மன்னிச்சிருங்க" என்றார். எங்க வீட்டுலதான் என்று பொதுவாகச் சொல்லி என்னை மறைக்கப் பார்க்கிறார் என்று புரிந்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காரை விட்டு இறங்கி, "வீடு ஒண்ணும் ஊத்தல, நான்தான் ஊத்தினேன்" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப லிஸ்ட்டுல பேரு வந்துடுங்களா?"



அடுத்த லிஸ்ட் வர நாலு வருஷம் ஆயிற்று. அதில் என் கணவர் எழுதிய பேர் அவருடையதுதான், டெஸ்டில் முதல் ஆளாகத் தேறினார். அதற்குள் அவர் கான்ட்ராக்டிலேயே இன்னும் நாலு வருஷம் புழுதி தின்றிருந்தார். அது என்னுடைய மூன்று நாள் மௌனத்தின் விலை. எனக்கு லைசென்ஸ் இரண்டாம் வருஷமே கிடைத்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய் ஒருத்தருக்கும் காட்டவில்லை.

பெர்மனென்ட் ஆன பிறகும் எங்கள் காருக்கு அவர்தான் பிரேக் பார்த்தார். ஒரு தடவை என் கணவரே வீட்டில் இருந்தார், பெடல் அமுக்க அவர் எழுந்து வந்தார். "நீங்க இருங்க சார், அக்கா வரட்டும்" என்றுவிட்டார். எண்ணெய் டின்னின் மூடியை உடைத்து என் கையில் கொடுத்தார். "நீங்களே ஊத்துங்க" என்றார். அது நம்பிக்கையா, தண்டனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டின்னின் மேல் எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்தேன். முகர்ந்து பார்த்தேன். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, ஒரு சொட்டு விட்டு, அது முழுக்கக் கரைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை. ஊற்றி முடித்து, சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெடலில் கால் வைத்தேன்.

"அமுக்குங்க" என்றார் கீழிருந்து.